விஸ்பி 1361: ஒரு தகட்டங்கியும் அதன் அடியில் போகும் கேம்பசனும்

இடைக்காலக் கவசம் சேர்க்க இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது தலைக்கவசத்தை. படத்துக்கு எடுப்பாக இருக்கும், கையில் எடுத்தால் கனமாகவும் இருக்கும். ஆனால் அதன் அடியில் போகும் பஞ்சுத் தொப்பியும், இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்யும் வளைய முக்காடும் தயாராகாதவரை தலைக்கவசம் எந்த அளவு வேண்டும் என்பதே தெரியாது. உடம்புக்கும் அப்படித்தான். தோலை ஒட்டிய துணியில் தொடங்கி ஒவ்வொரு அடுக்காக வெளியே வர வேண்டும். ஒவ்வொரு அடுக்கின் அளவையும் அதற்கு முந்தைய அடுக்கை உடுத்திக்கொண்டே எடுக்க வேண்டும்.

இங்கே எடுத்துக்கொண்டது ஒரே ஒரு தொகுப்பு: 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி, பால்டிக் கடலில் கோட்லாந்துத் தீவு, காலாள் வீரன். பார்வைக்கு வைக்க மட்டுமல்ல, அந்தக் காலப் போரை இன்று நடத்திப் பார்க்க மழுங்கிய எஃகு வாளால் மோதும் களத்திலும் இறங்க வேண்டும். பேசப்போவது முக்கியமாக இரண்டு பொருள்களைப் பற்றி. ஒன்று, திணிப்பு அங்கியான கேம்பசன். இன்னொன்று, தோலின் உட்புறத்தில் இரும்புத் தகடுகளை ரிவிட் அடித்துச் செய்யும் தகட்டங்கி.

ஏன் விஸ்பி

1361 ஜூலை 27 அன்று கோட்லாந்தின் விஸ்பி நகர மதிலுக்கு வெளியே டென்மார்க் மன்னர் நான்காம் வால்டமாரின் படை கோட்லாந்து விவசாயிகளை வெட்டிச் சாய்த்தது. கோடைக்காலம். உடல்கள் அழுகத் தொடங்கியதால் கவசத்தைக் கழற்றாமலே பலரைப் பெருங்குழிகளில் போட்டு மூடினார்கள் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். 1905இல் தொடங்கி 1930 வரை விட்டுவிட்டு நடந்த அகழாய்வில் 1,100க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. கூடவே இருபதுக்கும் அதிகமான தகட்டங்கிகள், மண்டையோட்டை ஒட்டியபடியே வளைய முக்காடுகள், தகடு வைத்த கையுறைகள். சுவீடன் ஆய்வாளர் பெங்ட் தோர்டெமன் 1939இல் இவற்றை வரைபடங்களோடு அச்சிட்டார். தகடுகளின் எண்ணிக்கையும் அடுக்கிய விதமும் வைத்து வகை பிரித்தார். சிலவற்றில் பெரிய தகடுகள் கொஞ்சமே. சிலவற்றில் நூற்றுக்கணக்கான சிறு தகடுகள். முதன்முறை செய்கிறவர் பெரிய தகட்டு வகையைத் தாண்டிப் போக வேண்டாம்.

கண்டெடுத்த பொருள் என்பதற்காக அப்படியே நம்பிவிட முடியாது. அகழாய்வு சொல்வது அது மண்ணுக்குள் போன தேதியை. செய்த தேதியை அல்ல. கோட்லாந்து விவசாயி அணிந்திருந்தது அவன் அப்பனுடையதாகவும் இருக்கலாம். ஜெர்மனியில் மாக்டெபுர்க் தேவாலயத்தில் 13ஆம் நூற்றாண்டின் நடுவில் செதுக்கிய புனித மொரீஷியஸ் சிலை நிற்கிறது. அதன் மேல் இதே குடும்பத்தைச் சேர்ந்த தகட்டங்கி. அதாவது விஸ்பி போருக்கு நூறு ஆண்டுக்கு முன்பே இந்த வடிவம் புழக்கத்தில் இருந்தது. ஆகவே 1361இல் ஒரு கோட்லாந்துக் காலாளுக்கு இது பொருந்தும். அதே ஆண்டில் பாரிஸ் அரசவையில் நிற்கும் பிரபுவுக்கு மாட்டினால், தாத்தாவின் பெட்டியைத் திறந்து எடுத்து வந்தது போல இருக்கும்.

சான்றுகள் மூன்று தினுசு, மூன்றிலும் ஓட்டை உண்டு. மண்ணில் கிடைத்ததில் இரும்பு நிற்கும். துணியும் தோலும் மட்கித் துருவில் தடமாக ஒட்டியிருக்கும். சிலையிலும் ஓவியத்திலும் வெளித்துணி, வார், ரிவிட் தலை எல்லாம் தெரியும். உள்ளே தகடு எத்தனை என்பது தெரியாது. ஆவணங்களில் பொருள்களின் பெயரும் சட்டமும் இருக்கும், வடிவம் இருக்காது. உதாரணமாக லண்டன் கவசத் தொழிலாளர்களுக்கான 1322ஆம் ஆண்டு விதி, பட்டு போர்த்திய திணிப்பு அங்கிக்குள் என்ன போகலாம் என்றும், வெள்ளைத் துணி அங்கிக்குள் பழைய நெய்த துணியும் பஞ்சும் திணிக்கலாம் என்றும் தனித்தனியாக வகுக்கிறது. கேம்பசனின் உள்ளடக்கத்துக்கு இதைவிட நேரடியான சாட்சி கிடைப்பது அரிது.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தாள் வைத்து, இந்த மூன்றில் எத்தனை இருக்கின்றன என்று குறித்துக்கொள்ள வேண்டும். குறைந்தது இரண்டு இருந்தால் செய்யலாம். இந்த வடிகட்டலில் முதலில் அடிபடுவது, பன்றி மூக்கு போலக் கூராக நீண்ட முகமூடி வைத்த தலைக்கவசம். அது 1380களின் சரக்கு. விற்பனைப் பட்டியல்களில் விஸ்பி தகட்டங்கியும் அதுவும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும். விற்கிறவருக்கு இருபது ஆண்டு பெரிதில்லை.

கேம்பசன்

கீழே வரும் அளவுகள் வெற்றுடம்பில் மார்பு 96, இடுப்பு 87 செ.மீ. உள்ளவருக்கு. அழுத்திய நிலையில் 1.5 செ.மீ. தடிமனுள்ள கேம்பசன் சுற்றளவை 9.4 செ.மீ. கூட்டும். ஆரம் 1.5 கூடினால் சுற்றளவு 2 × 3.14 × 1.5 கூடும், அவ்வளவுதான் கணக்கு. ஆக, தகட்டங்கிக்கான உண்மையான அளவு மார்பு 105, இடுப்பு 96. இந்தக் கணக்கைப் போடாமல் உடம்பளவுக்குத் தகடு வெட்டியவர்களின் தகட்டங்கி முதுகில் ஒரு சாண் திறந்தே நிற்கும்.

150 செ.மீ. அகலத்தில் வெளித்துணிக்கு 3.5 மீட்டர் லினன், உள்துணிக்கு அதே அளவு. வெளித்துணி சதுர மீட்டருக்கு 250 கிராமுக்குக் குறையக் கூடாது. மெல்லியது ரிவிட் முனையில் உரசிச் சீக்கிரம் நைந்துவிடும். வெட்டுவதற்கு முன் இரண்டையும் வெந்நீரில் துவைத்துக் காயப்போட வேண்டும். லினன் முதல் துவைப்பில் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் செய்ய ஒன்றுமில்லை.

திணிப்புக்குப் பழைய பருத்தி அல்லது லினன் படுக்கை விரிப்பு மூன்று அடுக்கு, நடுவில் ஒரு அடுக்கு பஞ்சு. மெத்தைக் கடையில் அடித்த பருத்திப் பஞ்சு போதும். ஆனால் அப்படியே பரப்பினால் நாளடைவில் கட்டிகட்டியாகிக் கீழே இறங்கிவிடும். இரண்டு மல் துணிகளுக்கு நடுவே பரப்பி, கையகல இடைவெளியில் ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டால் இறங்காது. இலவம்பஞ்சு வேண்டாம்: அந்தக் காலத்து ஐரோப்பாவில் அது இல்லை, அடி வாங்கினால் இழை நொறுங்கித் தூளாகவும் ஆகிவிடும். பாலியஸ்டர் பஞ்சு வியர்வையை உறிஞ்சாது, வெப்பத்தையும் வெளியே விடாது.

கோடு கோடாகத் தைக்கும்போது துணி அகலத்தில் சுருங்கும். எவ்வளவு என்பது திணிப்பைப் பொறுத்தது. அதனால் முதலில் 30 செ.மீ. சதுரத் துண்டு ஒன்றில் எல்லா அடுக்கையும் வைத்து 4 செ.மீ. இடைவெளியில் நேர்க்கோடுகள் தைத்து அளந்து பார்க்க வேண்டும். 27.5 வந்தால், வடிவத்தாளின் அகலத்தை 30/27.5 மடங்கு பெரிதாக்கி வெட்டலாம். இந்த அரை மணி நேர வேலையை விட்டதால் குப்பைக்குப் போன கேம்பசன்கள் ஏராளம்.

வரிசை இது: முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு, கை இரண்டு எனத் துண்டுகளைத் தனித்தனியாக வெட்டி, அடுக்கி, ஓட்டுத் தையல் போட்டு, நடுக்கோட்டிலிருந்து வெளிப்பக்கமாகத் தைத்துக்கொண்டு போக வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் திணிப்பு நடுவில் ஒதுங்கிப் புடைக்கும். எல்லாக் கோடும் முடிந்த பிறகு வடிவத்தாளை மறுபடி மேலே வைத்து ஓரத்தைச் சரியாக நறுக்கி, அப்புறம்தான் துண்டுகளை இணைக்க வேண்டும். இணைக்கும் தையலுக்கு விட்ட 1.5 செ.மீ. ஓரத்தில் இருக்கும் பஞ்சை முழுக்கப் பிடுங்கிவிடுங்கள். விட்டால் தோள்தையல் கட்டைவிரல் தடிமனுக்கு வந்து, மேலே இரும்பு ஏறியதும் தோள்பட்டையை அறுக்கும்.

கை இணைப்பில்தான் முழுச் சூட்சுமமும் இருக்கிறது. 1364இல் ஓரே (Auray) என்ற ஊரில் நடந்த போரில் இறந்த சார்ல் த புளுவாவுடையதாகச் சொல்லப்படும் மேலங்கி பிரான்சின் லியோன் நகரத் துணி அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அதில் கைத்துளை இன்றைய சட்டைபோல் தோள்முனையில் நிற்காது. மார்புக்கும் முதுகுக்கும் உள்ளே வட்டமாக ஆழ ஓடும், அந்த வட்டத்தைக் கையோடு சேர்த்து வெட்டிய முக்கோணத் துண்டுகள் நிரப்பும். கோட்லாந்து விவசாயியிடம் அந்த அளவு நேர்த்தியான தையல் இருந்திருக்காது என்று வாதிடலாம். அப்படி நினைப்பவர்கள் அக்குளில் ஒரு சாண் நீளத்துக்குத் தைக்காமல் விட்டுவிடலாம், காற்றும் வரும். எது செய்தாலும் சோதனை ஒன்றுதான்: இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினால் கீழ்விளிம்பு மூன்று செ.மீ.க்கு மேல் ஏறக் கூடாது.

மறையும் நீளத் தையல்களை இயந்திரத்தில் போடலாம். கண்ணில் படும் ஓரங்களுக்குத் தேன்மெழுகு தடவிய லினன் நூலில் கைத்தையல்.

அட்டையில் முதலில்

கேம்பசனை உடுத்தி, இடுப்பில் கயிறு கட்டி நிற்க வேண்டும். அட்டைப்பெட்டியை வெட்டித் தகடுகளாக்கி ஒட்டுநாடாவால் மேலே ஒட்டிப் பார்ப்பது அடுத்த வேலை. பெரிய தகட்டு வகையைத் தழுவி இங்கே கொண்ட அமைப்பு: தலை நுழையும் துளையுள்ள ஒற்றைத் தோல், முன்னும் பின்னும் தொங்கும், முன்பாகத்தின் கீழ்ப்பகுதி இரு பக்கமும் சிறகாக நீண்டு முதுகில் போய் வாரால் கட்டும்.

கீழ்வரிசைக்கு 10 × 22 செ.மீ. நெட்டுத் தகடுகள் 11. ஒன்றின் மேல் ஒன்று 2 செ.மீ. ஏறும். ஆக 11 × 8 + 2 = 90 செ.மீ.; இடுப்பு 96இல் முதுகில் 6 செ.மீ. இடைவெளி மிஞ்சும். அந்த இடைவெளி வேண்டும், வார் இழுக்க. மேல்வரிசையில் நடுத்தகடு 16 × 18, இரு பக்கமும் 13 × 15, அக்குள் பக்கம் வளைத்து வெட்டியது. முதுகில் தோள்பட்டை எலும்புக்கு மேல் 14 × 16 அளவில் இரண்டு. கூட்டமாக மோதும்போது பின்னாலிருந்து அடி வருவதால் இது களத்துக்கான சேர்க்கை.

அட்டையோடு தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து பாருங்கள். கீழ்வரிசை தொடையில் இடித்து மொத்தத்தையும் தொண்டைக்குத் தூக்கினால் நீளம் அதிகம். தகட்டின் கீழ்விளிம்பு இடுப்பெலும்புக்கு மேலேயே நிற்க வேண்டும். கனத்தைத் தாங்குவது தோள் அல்ல, இறுக்கிக் கட்டிய இடுப்பு.

தகடு

16 கேஜ் சிஆர் (குளிர்நிலையில் உருட்டிய) இரும்பு ஷீட், அதாவது சுமார் 1.6 மி.மீ. ஜிஐ தகடு கூடாது. அதன் துத்தநாகப் பூச்சு பார்வைக்கே பொருந்தாது, சூடாக்கினால் வரும் புகையும் ஆளைச் சாய்க்கும். மேலே சொன்ன தகடுகளின் மொத்த எடை சுமார் 4.5 கிலோ. 1.2 மி.மீ.யில் செய்தால் 3.3 கிலோவாகக் குறையும். வாளடிக்கு மட்டுமானால் அதுவும் தாங்கும். கோடரியும் நீள்தடி ஆயுதமும் உள்ள களத்தில் சாதா இரும்பு 1.2 மி.மீ. பள்ளம் விழும். பள்ளம் விழுந்த தகடு பக்கத்துத் தகட்டைத் தடுக்கும். மோதல் நடத்தும் ஒவ்வொரு அமைப்பின் களவிதியிலும் குறைந்தபட்சத் தடிமன் எழுதியிருக்கும். ஷீட் வாங்கும் முன் அதைப் படிப்பது நல்லது.

வெட்டியதும் மூலைகளை 1 செ.மீ. ஆரத்துக்கு உருட்டி, எல்லா விளிம்பையும் அரம் போட்டு, விரல் நகத்தை ஓட்டிப் பார்த்து, சிராய் இல்லாமல் ஆக்க வேண்டும். கீழ்வரிசைத் தகடுகளை 15 செ.மீ. விட்டமுள்ள குழாயின் மேல் வைத்து மரச்சுத்தியலால் மெல்ல வளைத்தால் போதும். மேல் நடுத்தகட்டுக்கு மட்டும் உள்குடைவு தேவை, 1.5 முதல் 2 செ.மீ. ஆழம். மரக்கட்டையில் வெட்டிய குழியின் மேல் தகட்டை வைத்து, வெளிவட்டத்திலிருந்து நடுவை நோக்கி அடி மேல் அடி விழும்படி சுற்றிக்கொண்டு வர வேண்டும். ஓரத்தில் அலை எழும். எழுந்த உடனே தட்டையாக்கிவிட வேண்டும். மடிப்பாகிவிட்டால் அந்த இடம் அடிக்க அடிக்க விரிசல் விடும். குடைந்த தகடு வெறும் அழகுக்கு அல்ல. நெஞ்செலும்புக்கும் இரும்புக்கும் இடையே காலியிடம் இருந்தால் அடியின் விசை விலாப்பக்கம் பரவும்.

தகடுகள் தோலுக்குள் மறைவதால் பளபளப்பு வேண்டாம். சூடாக்கி ஆளி எண்ணெய் தேய்த்தால் கறுப்பாகப் படியும். துருவுக்கு அதுவே தடை. தாவரப் பட்டையில் பதனிட்ட தோலில் உள்ள துவர்ப்பு, வியர்வை ஈரத்தோடு சேர்ந்து இரும்பைக் கறுக்க வைக்கும். ஆகவே தகட்டின் தோல் பக்கத்துக்கு இரண்டு தடவை எண்ணெய்.

தோல்

பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோல், 2.5 மி.மீ. குரோம் பதனிடுதல் 19ஆம் நூற்றாண்டில் வந்தது. வெட்டிய ஓரத்தில் சாம்பல் நீலம் தெரியும், பார்த்தவுடன் பிடிபடும். ஐரோப்பாவில் அன்று கருவாலிப் பட்டை. நம் ஊரில் மரபாக ஆவாரம்பட்டையில் பதனிட்டு வந்த கிழக்கிந்தியத் தோல் வேறு பட்டை, அதே முறை. ஈரோடு, திண்டுக்கல் பக்கம் தடிமன் சொல்லிக் கேட்டு வாங்கலாம். தேவை 13 சதுர அடி என்றாலும் 18 வாங்க வேண்டும். வயிற்றுப் பகுதித் தோல் இழுத்தால் நீளும். அதில் தகடு தொங்கினால் சில நாளில் தளர்ந்துவிடும். அதை வார்களுக்குக்கூடப் பயன்படுத்தாதீர்கள்.

ரிவிட்

கவனமெல்லாம் இங்கேதான் போக வேண்டும். கீழ்வரிசைத் தகடு ஒவ்வொன்றையும் ஒரே ஒரு நெட்டுக்கோட்டில் மட்டும் அடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் அடித்தால் பக்கத்துத் தகட்டோடு பூட்டிக்கொண்டு பீப்பாய் ஆகிவிடும், மூச்சு வாங்க முடியாது.

நடுத்தகட்டை முதலில் இரண்டு கோட்டில் 8 ரிவிட்டால் தோலில் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த தகட்டின் முன்விளிம்பு இதன்மேல் 2 செ.மீ. ஏறும், உடம்புப் பக்கமாக. அதன் ரிவிட் கோடு முன்விளிம்பிலிருந்து 3 செ.மீ. உள்ளே, அதாவது ஏற்றத்துக்கு 1 செ.மீ. தள்ளி. இப்போது நடுத்தகட்டின் ஓரம் தோலுக்கும் அடுத்த தகட்டுக்கும் நடுவே சிக்கியிருக்கும், ஆனால் நழுவும். இப்படியே இரு பக்கமும் ஐந்தைந்து. மேல்வரிசையின் கீழ்விளிம்பு கீழ்வரிசையின்மேல் 3 செ.மீ., உடம்புப் பக்கமாக. மேல்தகடுகளின் கடைசி ரிவிட் வரிசை கீழ்விளிம்புக்கு 4 செ.மீ. மேலே நிற்க வேண்டும். முன்னால் குனிந்தால் மேல்வரிசை கீழ்வரிசைக்குள் இறங்கும்.

எண்ணிக்கை: கீழ்வரிசை 48, மேல்முன் மூன்றுக்கும் 24, முதுகு 12, வார் பக்கிள்களுக்கு 16. நூறு. வாங்குவது 130. உருண்டைத்தலை இரும்பு ரிவிட், 4 மி.மீ. தடிமன். செம்பு மிருது, களத்தில் அறுந்துவிடும். அலுமினியம் பேச்சுக்கே இடமில்லை. தலை வெளியே தோலின் மேல், அடிக்கும் முனை உள்ளே தகட்டின் மேல். தோல் 2.5, தகடு 1.6, சேர்த்து 4.1, மேலே ரிவிட்டின் தடிமன் அளவுக்கு 4 முதல் 4.5 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதிகம் நீண்டால் முனை பரவாமல் சாயும். குறைந்தால் தொப்பி விழாது. இரும்பில் துளை 4.2 மி.மீ. 5 போட்டால் ரிவிட் துளைக்குள்ளேயே வளைந்து, பிடித்தது போலக் காட்டி இரண்டு மோதலில் ஆட ஆரம்பிக்கும்.

தோலைத் தரையில் விரித்து வைத்துத் துளை குறிக்கக் கூடாது. வளைந்த நிலையில் வெளித்தோலின் சுற்று உள்தகட்டின் சுற்றைவிட ஏறத்தாழ 2 செ.மீ. அதிகம். தட்டையாகக் குறித்தால் அந்த 2 செ.மீ. எங்கேயோ மடிப்பாக வந்தே தீரும். கேம்பசன் போட்ட ஆள்மேல் சுற்றி, சுண்ணக்கட்டியால் குறித்து, முதலில் எல்லாத் துளையிலும் 4 மி.மீ. போல்ட், நட் போட்டு மாட்டிப் பார்க்க வேண்டும். குனிவது, உட்கார்வது, கையை வீசுவது எல்லாம் சரியான பிறகு ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி அந்த இடத்தில் ரிவிட்.

தலையின் உருண்டை நசுங்காமலிருக்க, கெட்டி இரும்புத் துண்டில் அதே அளவு கிண்ணம் குடைந்து அதன்மேல் தலையை உட்கார வைக்க வேண்டும். 250 கிராம் உருண்டைமுனைச் சுத்தியல். முதலில் நேராக இரண்டு தட்டு, பிறகு ஓரத்தைச் சுற்றிச் சிறு சிறு தட்டுகள். ஓங்கி அடித்தால் முனை மடங்கும். நெடுநேரம் தட்டினால் இரும்பு இறுகித் தொப்பி ஓரத்தில் வெடிக்கும். கடையில் வாங்கிய ரிவிட் கெட்டியாக இருந்தால் மொத்தமாகச் செந்தணலாகக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து ஆறவிட்டால் இளகும். முடிந்ததும் உள்முனைகளை அரத்தால் வழவழப்பாக்க வேண்டும், இல்லையென்றால் கேம்பசன் கிழியும்.

முதுகில் 2 செ.மீ. அகல வார் நான்கு. கட்டிவிட இன்னொரு ஆள் வேண்டும். அது அன்றும் அப்படித்தான்.

மற்றவை

வளையச் சட்டை வாங்குவதானால் ரிவிட் வைத்த வளையம் மட்டும். முனைகளை நெருக்கி மட்டும் விட்டது அடியில் பிளந்துகொள்ளும். இன்று சந்தையில் கிடைப்பதில் பெரும்பங்கு வட இந்தியப் பட்டறைகளிலிருந்து போவது. முக்காடு முதலில், தலைக்கவசம் பிறகு; களத்துக்கு 2 மி.மீ.க்குக் குறையாத எஃகு, மண்டைக்கும் இரும்புக்கும் நடுவே விரலகல இடைவெளி விட்டுத் தொங்கும் உள்தொப்பி. விஸ்பி எலும்புகளில் வெட்டுக்காயம் மிகுதியாக இருந்தது முழங்காலுக்குக் கீழே. கால்முன் எலும்புக்குக் காப்பு இல்லாமல் களத்தில் இறங்க அந்தக் குழிகளைப் பார்த்த யாரும் துணிய மாட்டார்கள். மறைவாகக் கால்சட்டைக்குள் தகடு வைத்தாலும் சரி. விஸ்பி கையுறையின் சிறுதகடுகள் விரலைத் தனித்தனியே மூடுபவை. கனத்த மழுங்கல் வாள் விரல்மேல் விழுந்தால் அவை போதாது. விரல்கள் ஒன்றாகச் சேரும் பொதி வடிவக் கையுறைதான் களத்துக்கு. பழையதைப் பார்வைக்கு வைத்துக்கொள்ளலாம்.

முதல் மோதலுக்குப் பிறகு

அன்றைக்கே தகட்டங்கியைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, ரிவிட் ஒவ்வொன்றையும் சிறு சுத்தியலால் தட்டிக் கேட்க வேண்டும். இறுகியது கணீரென்கும், தளர்ந்தது சளசளக்கும். அக்குளோரத்திலும் வார் அடியிலும்தான் முதலில் தளரும். தளர்ந்ததை மறுபடி அடித்து இறுக்கினால் நிற்காது. உள்முனையை அரைத்தெடுத்து, உள்ளிருந்து வெளியே தட்டி நீக்கி, துளை நீள்வட்டமாகியிருந்தால் 5 மி.மீ. ரிவிட்டுக்கு 5.2 மி.மீ. துளை போட்டு மாற்ற வேண்டும். தோல் பக்கம் துளை கிழிந்திருந்தால் உள்ளே காசளவு தோல் வில்லை ஒன்று வைத்து அதையும் சேர்த்து அடித்தால் பிடிக்கும். அதற்கு ரிவிட் 2 மி.மீ. கூடுதல் நீளத்தில் இருக்க வேண்டும்.